மட்டக்களப்பு வாவியும் மாரிகாலப் பறவைகளும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனக் கேட்கப்பட்டபோது, பழைய மாணவர் என்ற முறையிலே கடந்தகால நினைவுகளை எழுதுவதா, இன்று கற்கும் மாணவர்க்குப் பயன்படும் பாடமொன்றை எழுதுவதா எனச் சில நாள் சிந்தித்தோம். நினைவும் பாடமும் ஒருங்கே கூடிய பொருளொன்று எமக்கு உண்டு. மாரிகாலத்திலே எமது வாவிக்கு வந்து தங்கிச் செல்லும் பறவைகளே அப்பொருள்.

நாம் கல்லூரிக்கு நடந்து சென்ற காலத்திலே, கார்த்திகை மழை விட்ட காலைகளில் வாவியின்மேல் வெண்ணிறக் கூட்டங்கள் எழுவதையும் அமர்வதையும் பலமுறை கண்டிருக்கின்றோம். விலங்கியல் வகுப்பிலே தவளையையும் கரப்பானையும் அறுத்துப் பார்த்து அவற்றின் உறுப்புகளின் பெயரையெல்லாம் மனனஞ் செய்தோம். சாளரத்துக்கு வெளியே பறந்து சென்றவற்றின் பெயர் யாதென நாம் ஒருநாளேனும் வினவினோமில்லை. அக்குறை எம்முடையதே. பிற்காலத்தில், வேலை நிமித்தம் வேறூர்களில் வாழ்ந்து திரும்பியபின், இருகண் தொலைநோக்கி ஒன்றும் குறிப்பேடு ஒன்றுமாக வாவிக் கரைக்குச் செல்லத் தொடங்கினோம். அப்பொழுது கற்றவற்றையும், கற்கத் தவறியவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

மாரியும் வலசையும்

பனிக்காலம் என்று வடநாட்டார் கூறுவது எமக்கு மாரிக்காலம். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரிகள் உறைந்து, புழுவும் பூச்சியும் நீர்ப்பூண்டும் பனியின்கீழ் மறையும் காலத்திலேதான் எமது நாட்டின் கிழக்கிலே வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டு வருகின்றது. எமது மாவட்டத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரையில் பெய்வது. வயல்கள் நிறைகின்றன, குளங்கள் வான் பாய்கின்றன, வாவி கரைபுரள்கின்றது. அங்கே உணவு அற்றுப்போகும் வேளையில் இங்கே உணவு பெருகுகின்றது.

பறவைகள் குளிருக்கு அஞ்சி ஓடி வருகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சிறகின் அடர்த்தியால் அவற்றுட் பல கடுங்குளிரையும் தாங்கவல்லன. அவற்றைத் துரத்துவது பெரும்பாலும் பசியே எனலாம். கோடையில் வடதுருவத்தை அடுத்த நிலங்களிலே பகல் மிக நீண்டது. பூச்சியினம் பெருகிக் கிடக்கும். குஞ்சுகளை விரைந்து வளர்த்தற்கு அதனினும் ஏற்ற இடம் இல்லை. ஆதலின் இனம் பெருக்க அங்கும், உயிர் பிழைக்க இங்கும் என ஆண்டுதோறும் இரு வீடு வாழ்கின்றன. இவ்வாறு காலந்தவறாது இடம்பெயர்வதை வலசை என்பர்.

உலகின் வலசைப் பாதைகளுள் ஒன்று மத்திய ஆசியப் பாதை. அது வடதுருவக் கடற்கரையிலே தொடங்கி, இமயத்தைக் கடந்து, இந்தியா வழியாக இந்துமாக்கடல் வரையில் நீள்வது. அதன் தென்கோடியில் இருப்பது இலங்கை. எமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரையில் பெருநிலம் இல்லை. இடைவழியிலே தங்கும் பறவைக்கு ஓரிடம் கெட்டால் அடுத்த இடம் உண்டு. எம்மிடம் வருவதற்கோ இதற்கப்பால் வேறு இடம் இல்லை. இஃதொன்றே இப்பொருளை நாம் கருத்தூன்றிக் கற்கப் போதிய காரணமாகும்.

எம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். புறநானூற்றிலே பிசிராந்தையார், குமரித்துறையில் இரை உண்டு வடமலை நோக்கிச் செல்லும் அன்னச் சேவலை விளித்துப் பாடினார். சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தூது விட்டார். தெற்கே வந்து மீண்டும் வடக்கே செல்லும் பறவையினம் உண்டென்பதைக் கண்ணாரக் கண்டவர்க்கன்றி இத்தகைய கற்பனை தோன்றாது.

வருவோரும் வாழ்வோரும்

இலங்கையிலே இதுகாறும் காணப்பட்ட பறவை வகைகள் ஏறக்குறைய 500. அவற்றுள் ஆண்டு முழுதும் இங்கு வாழ்வன ஒரு சாரார். ஆவணி, புரட்டாதியில் வரத் தொடங்கிச் சித்திரை, வைகாசியில் மீள்வன மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் வேறுபடுத்தி அறிதலே முதற் பாடம்.

கூழைக்கடா, நீர்க்காகம், வெண்கொக்கு, நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, தாழைக்கோழி, மீன்கொத்தி, செம்பருந்து, ஆட்காட்டி ஆகியவற்றை வாவிக்கரையார் எல்லோரும் அறிவர். ஆட்காட்டியை ஆக்காட்டி எனச் சொல்லி, அதன் பெயரால் நாட்டார் பாடலும் வைத்திருக்கின்றனர். இவை இங்கேயே வாழ்வன.

வருவோருள் முதலிற் சொல்லத்தக்கவர் சேற்றிலே இரை தேடும் உள்ளான் இனத்தார். கொசு உள்ளான் எனப்படும் சிறு பறவையின் நிறை ஏறக்குறைய 25 கிராம். நாலைந்து தேக்கரண்டிச் சீனியின் நிறை எனக் கொள்ளலாம். அது ஐரோப்பிய, ஆசிய வடதுருவ வெளிகளிலே முட்டையிட்டு, மாரியில் எமது சேற்றில் வந்து மேய்கின்றது. வளைமூக்கு உள்ளான், பவளக்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், பொரி உள்ளான், கருவால் மூக்கன் முதலியன அதன் கூட்டாளிகள். உப்புக்கொத்தி வகைகள் குட்டையான அலகுடன் ஓடி ஓடி நின்று இரை பொறுக்குவன. உள்ளான் வகைகள் நீண்ட அலகினாற் சேற்றைத் துளைப்பன. அலகின் நீளம் வேறுபடுதலால் ஒரே சேற்றிலே பல வகை பறவைகள் ஒன்றின் உணவை ஒன்று பறியாது மேய்கின்றன. இதனை ஒருமுறை நேரிற் கண்ட மாணவனுக்கு இசைவாக்கம் என்னும் பாடத்தை மீளச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நீரின்மேற் பறந்து திரிவன ஆலாக்கள். மீசை ஆலா கூட்டங்கூட்டமாக வாவியிலும் வயல்மேலும் காணப்படும். கஸ்பியன் ஆலா அவ்வினத்தில் மிகப் பெரியது. அதன் செந்நிற அலகு நெடுந்தொலைவிலேயே தெரியும். வாத்துக்களை எம் கிராமத்தார் தாரா என்பர். அவ்வகையில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகு வாத்தும் வடக்கிலிருந்து வருவன.

தரையில் வாழ்வனவும் வருகின்றன. மின்கம்பிகளிலே வரிசையாக அமரும் தகைவிலான், வயலோரத்து மஞ்சள் வாலாட்டி, வேலியிலிருந்து கீச்சிடும் பழுப்புக் கீச்சான், மர நிழலிலே சருகைக் கிளறும் ஆறுமணிக் குருவி ஆகியன அவற்றுட் சில. காலையும் மாலையும் ஆறு மணியளவிற் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி எனப் பெயர் பெற்ற அது, இந்தியாவிலே கூடுகட்டி எம்மிடம் மாரியைக் கழிக்க வருவது. நீலவால் பஞ்சுருட்டானைப் பற்றி ஒரு சிறப்புச் செய்தி உண்டு. இலங்கையின் பெரும்பகுதியில் அது வலசை வரும் பறவை மாத்திரமே. ஆனால் நாட்டின் கிழக்கிலே மணற்பாங்கான இடங்களில் வளை தோண்டி முட்டையிடுவதும் அறியப்பட்டுள்ளது. பிறர்க்கு விருந்தாளியாயிருப்பது எமக்கு அயலவராயும் இருக்கின்றது.

வழி அறிதல்

25 கிராம் நிறையுள்ள உயிரொன்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றரைக் கடப்பது எங்ஙனம்? புறப்படுமுன் அது மிகுதியாக உண்டு கொழுப்பைச் சேர்க்கின்றது. நெடும்பயணஞ் செய்யும் சில கரைப்பறவைகள் தம் நிறையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்கின்றன. சூரியனின் நிலையும், இரவில் விண்மீன்களின் அமைப்பும், பூமியின் காந்தப்புலமும், ஆறும் மலையும் கரையும் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

பறவையின் காலிலே எண் பொறித்த வளையமிட்டு அதன் செலவை அறியும் முறையை 1899ஆம் ஆண்டிலே தென்மார்க்கு நாட்டு ஆசிரியரான மோட்டென்சன் என்பார் தொடக்கி வைத்தார். பள்ளியாசிரியர் ஒருவர் தொடங்கிய வேலை உலகெங்கும் பரவியது என்பதை எம் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959ஆம் ஆண்டு முதல், சலீம் அலி அவர்களின் தலைமையிலே, பெருந்தொகையான பறவைகளுக்கு வளையமிட்டது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள கோடியக்கரையும் அவ்வேலை நடைபெற்ற இடங்களுள் ஒன்று.

இக்காலத்தில் வளையத்தின் இடத்தைச் செய்மதிக் கருவி பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டிலே, கருவி பூட்டப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து சில மாதங்களேயான இளம்பறவை, அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரையில் 13,560 கிலோமீற்றர் தூரத்தை 11 நாட்களில் எங்கும் தரித்து இளைப்பாறாது பறந்தது. எமது நாட்டிலும் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர், 2021ஆம் ஆண்டிலே, மன்னாரில் கடற்காகங்களுக்கு இத்தகைய கருவி பூட்டி, அவை இரசியாவின் வடதுருவக் கரைவரை செல்வதைக் கண்டறிந்தனர்.

கழகங்களும் கணக்கெடுப்பும்

இலங்கைப் பறவைகளைப் பற்றிய முதற் பெருநூலை இராணுவ அதிகாரியான லெக் என்பார் 1878 முதல் 1880 வரையில் வெளியிட்டார். வெயிற் என்பாரின் கைந்நூல் 1925இல் வெளிவந்தது. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி எழுதித் தாமே படமும் வரைந்த நூல் 1955இல் வந்தது. அது பல தலைமுறையினருக்குப் பாடநூலாயிற்று. இலங்கைப் பறவைக் கழகம் 1943இல் தோன்றியது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வெளிக்களப் பறவையியற் குழு அமைந்தது. இவ்விரு அமைப்புகளும் தனிமனிதரின் பொழுதுபோக்காயிருந்ததைப் பலர் கூடிச் செய்யும் முறையான வேலையாக்கின.

கூட்டமாகச் சென்று பறவைகளை எண்ணும் வழக்கத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவிலே நத்தார் நாளன்று இரு கட்சியாகப் பிரிந்து, அதிகம் சுட்டு வீழ்த்துவோர் எவர் எனப் போட்டியிடும் வழக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டிலே பிராங்க் சப்மன் என்னும் பறவையியலாளர், சுடுவதை விட்டு எண்ணுவோம் என அழைத்தார். அவ்வாண்டு நத்தார் நாளில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். இன்று அவ்வேலையில் பல்லாயிரவர் ஈடுபடுகின்றனர். நூறாண்டுக்கு மேலாக இடையறாது எழுதப்பட்ட அக்குறிப்புகளைக் கொண்டே எந்த இனம் பெருகியது, எது அருகியது என அந்நாட்டார் உறுதியாகக் கூற முடிகின்றது.

நீர்ப்பறவைகளுக்கென உலகளாவிய கணக்கெடுப்பு 1967இல் தொடங்கியது. ஆசியாவில் அது 1987இல் தொடங்கி, ஆண்டுதோறும் தை மாதத்திலே நடைபெறுகின்றது. தை மாதத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. அம்மாதத்தில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் பயணம் முடித்து ஓரிடத்தில் நிலைத்திருக்கும். ஆகவே ஒரே பறவையை ஈரிடத்தில் எண்ணும் பிழை குறையும்.

எமது பகுதியைப் பற்றிச் சொல்லுமிடத்து ஒரு வருத்தமும் உண்டு. நாட்டிலே போர் நிகழ்ந்த நெடுங்காலத்தில், 2009ஆம் ஆண்டு வரையில், கிழக்கின் பல நீர்நிலைகளுக்கு எண்ணுவோர் செல்லல் இயலாதாயிற்று. மக்கள் தம் உயிரையே எண்ணிக் காக்க வேண்டியிருந்த காலத்திலே பறவையை எண்ணவில்லை என எவரையும் குறைகூறலாகாது. ஆயினும் அவ்விடைவெளி இடைவெளியே. அக்காலத்து வாவியிலே மாரிதோறும் எத்தனை பறவை தங்கின என இனி எவராலும் கூற முடியாது.

ஏராளம் என்பது எத்தனை?

இனி எமது அனுபவமொன்றைச் சொல்வோம். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாணவர் சிலரையும் பழைய மாணவர் மூவரையும் கூட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்கு வலையிறவுப் பாலத்தடியிற் கூடினோம். அங்கிருந்து வவுணதீவுப் பக்கமாகப் படுவான்கரையின் ஓரத்திலே நடப்பது எமது நோக்கம். பத்தாண்டுக்கு முன் நாம் அதே இடத்திலே எழுதிய குறிப்பேட்டையும் உடன் கொண்டுசென்றோம். பழைய குறிப்பை மாணவர்க்குக் காட்டி, நம் வாவியின் மாற்றத்தை எடுத்துரைக்கலாம் என்ற எண்ணத்தில் உள்ளூரச் சிறிது பெருமையும் இருந்தது.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, மீசை ஆலாவுக்கு நேரே ஏராளம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏராளம் என்பது எத்தனை?" என்று வினவினாள்.

எம்மால் விடை கூற முடியவில்லை. ஐம்பதா, ஐந்நூறா? உள்ளானுக்கு நேரே 'பல' என்றிருந்தது. வாத்துக்கு நேரே 'சில' என்றிருந்தது. சில ஆண்டுகளில் ஒன்றுமே எழுதப்படவில்லை. பறவை இல்லாமையால் எழுதவில்லையா, நாம் அங்கே செல்லாமையால் எழுதவில்லையா என்பதும் விளங்கவில்லை. முன்னரிலும் பறவை குறைந்துவிட்டது என எத்தனையோ கூட்டங்களிலே நாம் பேசியிருக்கின்றோம். அதனை மெய்ப்பிக்க எம் கையிலே ஓர் எண்ணும் இல்லை என்பதை அக்காலையிலேதான் உணர்ந்தோம். போரோ புயலோ தடுக்காத ஆண்டுகளிலும் இடைவெளியை உண்டாக்கியவர் நாமே.

அன்று அம்மாணவியைக் கணக்குப்பிள்ளையாக்கினோம். இரு குழுவாகப் பிரிந்து ஒரே ஆலாக் கூட்டத்தை எண்ணினோம். ஒரு குழு 140 என்றது. மற்றது 210 என்றது. மீண்டும் எண்ணினோம், 170, 180 என நெருங்கி வந்தன. எண்ணுதலும் பழகிப் பெறவேண்டிய கலையே என்பதை அனைவரும் கற்றோம். ஊசிவால் வாத்து ஒன்றேனும் தென்படவில்லை. அவ்வரியை நீக்கிவிடலாமா என மாணவன் ஒருவன் கேட்டான். நீக்க வேண்டா, 0 என எழுதுக என்றோம். இன்று இல்லை என்பதும் பின்வருவோர்க்கு ஒரு செய்தி.

எமது பழைய குறிப்பிலே மற்றொரு பிழையும் வெளிப்பட்டது. புள்ளியிட்ட முதுகுடைய பொரி உள்ளான்களையும், வாலை இடையறாது ஆட்டும் பொது உள்ளான்களையும் நாம் ஒன்றாகவே எழுதியிருந்தோம். பொது உள்ளானுக்குச் சிறகின் முன்னே தோளருகில் வெண்ணிறம் ஆப்புப் போல் ஏறியிருக்கும். பொரி உள்ளான் பறந்தெழும்போது அதன் பின்முதுகு வெண்மையாகத் தெரியும். கண்ணுக்கு முன்னே இரண்டும் நின்றபோது வேறுபாடு தெளிவாயிற்று.

வழியிலே தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாம் செய்வதைச் சற்றுநேரம் பார்த்து நின்றார். பின்னர் மாணவன் ஒருவனை நோக்கி, "தண்ணி கூடின நேரம் வந்து என்ன தம்பி தேடுறீங்க? முகத்துவாரம் வெட்டினதுக்குப் பிறகு வாங்க. அப்பதான் சேறு தெரியும், உள்ளான் இறங்கும்" என்றார்.

அவர் கூறியது ஆழ்ந்த உண்மை. இலங்கைக் கரையிலே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பிற நாட்டு நூல்கள் கரைப்பறவையைக் காண வற்றுநேரம் பார்த்துச் செல்க என்று கூறும். எமது வாவியிலே சேறு வெளிப்படுவது பெரும்பாலும் மழையையும், மணல்மேடு உடைந்தோ வெட்டப்பட்டோ முகத்துவாரம் திறப்பதையும் பொறுத்தது. வெள்ளம் கடலோடியபின் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவியின் ஓரங்களிலே மெல்லிய சேற்றுப்படுகை தெரியும். பறவைக்கு அதுவே உணவுக்கூடம். ஆதலின் பறவையின் தொகையோடு நீர்மட்டத்தையும், முகத்துவாரம் திறந்ததா மூடியதா என்பதையும் எழுதாவிடின், ஓராண்டின் எண்ணை மற்றோராண்டின் எண்ணோடு ஒப்பிடல் தவறாகும். இதனை எமக்கு எந்நூலும் கற்பிக்கவில்லை. வலை வீசி வாழும் பெரியவரே கற்பித்தார்.

செய்முறை

புதிதாகத் தொடங்கும் மாணவர்க்கு எம் அனுபவத்திற் கண்ட சில விதிகளைக் கூறுவோம்.

1. எட்டு மடங்கு பெருக்கும் இருகண் தொலைநோக்கி போதும். அது இல்லாதவர் கண்ணையும் காதையும் கொண்டே தொடங்கலாம். குறிப்பேடும் பென்சிலும் இல்லாது தொடங்கலாகாது.

2. விடியற்காலையிற் செல்க. சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க. எழுவான்கரையில் நின்று மேற்கே நோக்குவார்க்குக் காலையொளி துணைசெய்யும். படுவான்கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்குப் பறவை வெறும் நிழலாகவே தெரியும். படுவான்கரையாருக்கு மாலையே ஏற்றது. நாம் அன்று காலையிற் சென்றதும் ஒரு தவறே.

3. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணல் இயலாது. முதலிற் பத்துப் பறவையை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என மனத்திற் கொள்க. அவ்வளவைக் கொண்டு கூட்டம் முழுவதையும் அளந்து செல்க. மிகப் பெரிய கூட்டமாயின் பத்துக்குப் பதில் நூறு கொள்க. இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுக.

4. ஐயமுள்ள பறவைக்குப் பெயரிடல் வேண்டா. 'உள்ளான் வகை, பெயர் தெளிவில்லை, 12' என எழுதுவது நேர்மை. அரிய பறவையைக் கண்டேன் எனப் பெயர்பெற விழைவதால் ஏடு கெடும்.

5. நாள், நேரம், இடம், காற்று, மழை, நீர்மட்டம், முகத்துவாரத்தின் நிலை, வலைகள், அலையும் நாய்கள் ஆகியவற்றையும் எழுதுக. இல்லாத இனத்துக்கு 0 இடுக.

6. மேய்கின்ற பறவையைப் படத்துக்காக எழுப்பற்க. அது ஒவ்வொருமுறை எழும்போதும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பிற் சிறிது கரைகின்றது. கூடு கண்ட இடத்தை ஊரறியச் சொல்லற்க.

7. மீனவர், வயற்காரர், இறால் பிடிக்கும் பெண்கள் ஆகியோரிடம் பறவையின் பெயரைக் கேட்டு எழுதுக. நூற்பெயரோடு ஊர்ப்பெயரும் ஏட்டில் நிற்றல் வேண்டும். அப்பெயர்கள் முதியவரோடு மறைந்து போகாதிருக்க இதுவே வழி.

எண்ணின் வலிமை

பறவையை எண்ணி யாது பயன் என வினவுவார் உளர். ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை 1971ஆம் ஆண்டு மாசி 2ஆந் திகதி ஈரானிலுள்ள றாம்சார் நகரிலே கையொப்பமிடப்பட்டது. இலங்கை 1990இல் அதிற் சேர்ந்தது. அவ்வாண்டே புந்தல அதன் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2010இல் மன்னாரின் வங்காலையும், கிழக்கின் தென்பகுதியிலுள்ள குமணையும் சேர்ந்தன. 2013ஆம் ஆண்டு வரையில் ஆறு இடங்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன. மட்டக்களப்பு வாவி அவ்வாறனுள் ஒன்றன்று.

அப்பட்டியலிற் சேர்தற்குரிய அளவைகள் பல. அவற்றுள் ஒன்று, ஓரிடத்திலே 20,000 நீர்ப்பறவைகள் தவறாது தங்குதல். மற்றொன்று, ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே தங்குதல். இவ்வளவைகளை வாவி எட்டுமோ எட்டாதோ என்பது பல ஆண்டு எண்ணிப் பார்த்தாலன்றித் தெரியாது. 'ஏராளம்' என்னும் சொல்லை எந்த அளவுகோலிலும் வைக்க முடியாது. கரையை நிரவி மண் கொட்ட வருபவரிடம், கண்டற் காட்டை வெட்ட வருபவரிடம், இங்கே நிறையப் பறவை வரும் என நாம் சொன்னால் அவர் புன்னகை செய்து தம் வேலையைத் தொடர்வார். பத்தாண்டு எண்களைக் காட்டினால் நின்று கேட்க வேண்டியவராவார். எமது நாட்டிலே வனசீவராசிகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு முதல் உண்டு. சட்டத்துக்குச் சான்று வேண்டும்.

காலமும் பிந்திக்கொண்டிருக்கின்றது. உலக அளவில் அழியும் நிலையை மதிப்பிடும் அறிஞர் குழு, 2024ஆம் ஆண்டிலே, வளைமூக்கு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி முதலிய கரைப்பறவைகளை முன்னரிலும் ஆபத்தான நிலையில் உள்ளனவாக அறிவித்தது. ஆண்டாண்டு பல நாடுகளிலே எண்ணியோர் தந்த எண்களே அவ்வறிவிப்புக்கு ஆதாரமாயின. எமது சேற்றிலே மேய்ந்து செல்லும் பறவை உலகில் அருகுகின்றது என்பதைப் பிறர் எண்ணியே எமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், தமிழ்ப் பேராசிரியருமானவர். தமிழும் விஞ்ஞானமும் ஒருவரிடத்தே கூடி விளங்கலாம் என்பதற்கு எம் மண்ணே சான்று தந்துள்ளது. நிலவு நாளிலே கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து மீனிசைக்குச் செவிசாய்த்த மரபினர் நாம். அச்செவியைச் சற்று மேலே திருப்பினால் போதும்.

ஆகவே எமது விண்ணப்பம் இது. கல்லூரி நூலகத்திலே தடித்த அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றை வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் தை மாதத்திலே ஒரு காலையும் ஒரு மாலையும், வாவியின் ஐந்து இடங்களை மாற்றாது தெரிந்துகொண்டு, உயர்வகுப்பு மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் கூடி எண்ணுதல் வேண்டும். அவ்வெண்களை அக்குறிப்பேட்டில் எழுதுவதோடு, நாடளாவிய கணக்கெடுப்பை நடத்தும் கழகத்துக்கும் அனுப்புதல் வேண்டும். செலவு மிகச் சிறிது. தொலைநோக்கி நான்கு வாங்கித் தருதல் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்க்கு இயலாத காரியமன்று.

அவர்களுக்கும் ஒரு சொல். இலண்டனிலே கோடையிற் காணும் தகைவிலானும் மாரியில் எமது கம்பியில் அமரும் தகைவிலானும் ஒரே இனம். ஆனால் இங்கிலாந்திற் பிறந்தவை மாரிக்கு ஆபிரிக்காவின் தெற்கே செல்வன. எம்மிடம் வருவன ஆசியாவிற் பிறந்தவை. ஆயினும் அங்கே நின்று அதனைக் காண்பவருக்கு ஊர் நினைவு வருமாயின், அந்நினைவோடு அன்றைய திகதியையும் எண்ணையும் ஓர் ஏட்டில் எழுதிக்கொள்வாராக.

எமது பழைய குறிப்பேட்டை எறிந்துவிடவில்லை. 'ஏராளம்' என்ற பக்கத்தை அப்படியே விட்டு, அதற்கடுத்த பக்கத்தில் அம்மாணவியின் கையெழுத்திலே அன்றைய எண்களை எழுதுவித்திருக்கின்றோம். மீசை ஆலா 175, ஊசிவால் வாத்து 0 என அது தொடங்குகின்றது. வரும் தை மாதத்திலே அடுத்த பக்கத்தை எழுத வேண்டும். இம்மலரை வாசிக்கும் மாணவருள் எவர் பென்சிலோடு வருவீரோ அறியோம். முகத்துவாரம் வெட்டியதும் செய்தி அனுப்புகின்றோம்.